இடுப்பளவுத் தண்ணீர்

இடுப்பளவு அக்கா என்றால் எங்கள் கரையில் தெரியாதவர்கள் கிடையாது. அந்தப் பெயரை வைத்தது வேறு யாருமில்லை, அவள் புருஷன்தான். அவர் படகு இன்ஜின் பழுது பார்ப்பவர், ஊருக்கே மெக்கானிக். கல்யாணமான புதிதில் யாரோ அவரிடம், "உன் வீட்டுக்காரி கடல்ல எவ்வளவு தூரம் போவா?" என்று கேட்டிருக்கிறார்கள். "தூரமெல்லாம் நமக்குத் தெரியாது. ஆழம் இடுப்பளவு. அதுக்கு மேல ஒரு விரல் ஏறினாலும் அங்கேயே நின்னு என்னைத் திட்ட ஆரம்பிச்சிடுவா" என்றாராம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது.

அக்கா கடலே இல்லாத உள்நாட்டில் பிறந்தவள். தண்ணீர் என்றால் அவளுக்குக் குழாயில் வருவது, குடத்தில் நிற்பது. அப்படிப்பட்டவள் கடலில் இறங்கி வேலை செய்ய வந்ததற்கு ஒரே காரணம், கடற்பாசி வேலைக்கு இடுப்பளவு போதும் என்பதுதான். பாசி வாங்குகிற கம்பெனிக்காரர்கள் முதன்முதலில் கயிறும் விதைப்பாசியும் கொண்டுவந்து இறக்கியபோது, ஆண்கள் எல்லாரும், "இது என்ன, கடல்ல கீரை போடுறதா?" என்று சிரித்துவிட்டுப் படகேறிப் போனார்கள். பெண்கள் நாங்கள் இறங்கினோம். அக்காதான் முதல் வரிசை.

வேலை இப்படி. நீர் வற்றுகிற நேரத்தில் எங்கள் கடலின் விளிம்பு பெரிய தாம்பாளம் மாதிரி ஆழமில்லாமல் விரிந்து கிடக்கும். மணலில் இரண்டு முளைக்குச்சி அடித்து, நடுவே கயிறு கட்டி, கயிற்றில் சாண் சாணாக இடம்விட்டு உள்ளங்கையளவு பாசித் துண்டுகளை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட வேண்டும். ஒன்றரை மாதத்தில் ஒவ்வொரு துண்டும் ஒரு புதர் ஆகிவிடும். வெட்டி, பரண்மேல் காயவைத்து, மூட்டை கட்டினால் லாரி வரும். பற்பசையிலும் ஐஸ்கிரீமிலும் கெட்டியாவதற்குச் சேர்க்கிறார்களாம். "உலகமே என் பொண்டாட்டி போட்ட முடிச்சைத்தான் பல்லுல தேய்க்குது" என்பார் மெக்கானிக்.

அந்த முடிச்சில்தான் அக்காவின் கைவண்ணம். இறுக்கினால் தண்டு அறுந்துவிடும். தளர்த்தினால் அலை கொண்டுபோய்விடும். அவள் போட்டதில் பத்தில் ஒன்றுகூட அவிழாது. நான் அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருப்பவள், என் கயிறும் அவள் கயிறும் பக்கத்துப் பக்கத்தில்தான். என் பாசி கழன்று மிதந்து போகும்போதெல்லாம், "ஏண்டி, கட்டினியா, வழியனுப்பி வெச்சியா?" என்று சத்தம் போடுவாள்.

அவர்களுக்கு ஒரே பையன். மீன் ஏற்றுகிற குளிர்சாதன லாரி ஓட்டுகிறான். மாதத்தில் பாதி நாள் ரோட்டில். ஒரு தடவை திரும்பி வந்தபோது ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து, "அம்மா, பதிவு பண்ணிட்டோம்" என்று நின்றான். வேறொரு துறைமுகத்தில் கடலடியில் முக்குளித்துச் சங்கு எடுக்கிறவரின் மகள். அக்கா சண்டை போடவில்லை. அழவுமில்லை. "கேட்டிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்று என்னிடம் மட்டும் ஒரு தடவை சொன்னாள். அதன் பிறகு மருமகளிடம் விருந்தாளியிடம் பேசுவதுபோல் மரியாதையாகப் பேச ஆரம்பித்தாள். "சாப்பிடும்மா." "களைப்பா இருந்தா படும்மா." அந்த வீட்டைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு மோசமான அறிகுறி என்று புரியும். அக்காவுக்குப் பிடித்தவர்கள் எல்லாரும் அவளிடம் திட்டு வாங்குகிறவர்கள்.

மருமகளும் வாயைத் திறக்காத பெண். சாயங்காலம் வீட்டு வேலை முடிந்ததும் கடலில் இறங்கி, நிறுத்தி வைத்திருக்கிற படகுகளை எல்லாம் தாண்டி நீந்திப் போவாள். தலை ஒரு தேங்காய் அளவு ஆகி, அப்புறம் எலுமிச்சை அளவு ஆகி, காணாமலே போய்விடும். அக்கா சமையலறை ஜன்னல் பக்கம் கரண்டியோடு நிற்பாள். அடுப்பில் என்ன கருகினாலும் திரும்ப மாட்டாள். அந்தத் தலை மறுபடி தெரிந்த பிறகுதான் கரண்டி வேலை செய்யும். பெண் உள்ளே வந்ததும், "தலையைத் துவட்டு" என்பதோடு சரி.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் பாசியில் வெள்ளை விழுந்தது.

அந்த வருஷம் வழக்கமாக வருகிற காற்று வரவில்லை. கடல் அசையாமல் கிடந்தது. பகலில் இறங்கினால் குழந்தையைக் குளிப்பாட்டுகிற வெந்நீர் மாதிரி காலைச் சுட்டது. முதலில் பாசியின் நுனிகள் வெளுத்தன. வெயிலுக்கு வெளுத்திருக்கும் என்று விட்டுவிட்டோம். பிறகு கிளைகளின் நடுவிலேயே ஐஸ் துண்டு மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தது. வெள்ளை விழாத பாசியிலோ முகச்சவரம் பண்ணாத தாடைபோல் கறுத்த பொடி மயிர்கள் தோலைத் துளைத்துக்கொண்டு முளைத்திருந்தன. வேறு ஏதோ பாசி, எங்கள் பாசியின் மேலேயே குடிவந்திருந்தது. ஒரு நல்ல அலைகூட அடிக்காமலே புதர் புதராக அறுந்து விழுந்தது. கரையெல்லாம் அழுகல் வாடை.

கஷ்டம் வந்தால் ஆள் தேடுவதுதானே வழக்கம். ஐஸ் பாக்டரியின் கழிவுநீர் என்றாள் ஒருத்தி. புதுசாக வந்த விதைப்பாசியில் வினை இருந்தது என்றாள் இன்னொருத்தி. நீ தூக்கிப் போட்டது என் கயிற்றில் வந்து ஒட்டிக்கொண்டது என்று பக்கத்துப் பக்கத்துக் கயிற்றுக்காரிகள் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். அக்காவுக்கு அவள் புருஷன்மேல்தான் சந்தேகம். "உண்மையைச் சொல்லுங்க, ஆயில் டப்பாவைக் கடல்லதானே கழுவுனீங்க?"

"ஏய், நான் ஆயிலைக் கழுவி ஊத்துற ஆளா? பழைய ஆயிலைக்கூட வடிகட்டித் திரும்ப ஊத்துற ஆளு நான்" என்றார் மெக்கானிக், நிஜமாகவே வருத்தப்பட்டு.

கடல் ஆய்வு மையத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தாள். தண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பார்த்தாள், அழுகின கிளைகளைப் புட்டியில் போட்டுக்கொண்டாள், பிறகு பாசி உலர்த்துகிற கொட்டகையில் எங்களோடு தரையில் உட்கார்ந்தாள்.

"இது யார் தப்பும் இல்ல. தண்ணி சூடாகி, ஓட்டமில்லாம நின்னதால செடி நலிஞ்சு போச்சு. கிருமி எப்பவும் தண்ணியில இருக்கிறதுதான். நல்ல செடிகிட்ட அதோட பாச்சா பலிக்காது. நலிஞ்ச செடின்னா உள்ள புகுந்துடும்."

"மருந்து இருக்காம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லக்கா. கடல்ல எந்த மருந்தைத் தெளிக்கிறது? வெளுத்ததைக் கடல்லயே வீசாம கரைக்குக் கொண்டு வந்துடுங்க. விதைக்கு இளசா, நல்ல நெறமா இருக்கிற நுனியை மட்டும் எடுங்க. இந்தப் பகுதி இனிமே வருஷா வருஷம் சூடாகும்னுதான் தோணுது. பாறைத் திட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணி குளிர்ச்சியா ஓடுது. மிதவை கட்டிக் கயிறு போட்டா பிழைக்க வாய்ப்பிருக்கு. நிச்சயமா பிழைக்கும்னு என்னால சொல்ல முடியாது."

"அங்க ஆழம் எவ்வளவு?"

"ரெண்டு ஆள் உயரம் இருக்கும்."

எங்களில் ஒருத்திக்கும் உருப்படியாக நீச்சல் தெரியாது. அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "எங்க இடுப்பு அவ்வளவு ஒசரத்துல இல்லியேம்மா."

எல்லாரும் சிரித்தோம். அந்தப் பெண்மணியும் சிரித்துவிட்டு, தனக்குப் படகில் ஏறினாலே வாந்தி வரும் என்று ஒப்புக்கொண்டாள். சிரித்தோமே தவிர, மறுவாரமே பாதிப் பேர் மீன் பதப்படுத்துகிற கொட்டகைக்கு வேலைக்குப் போய்விட்டோம். அந்தப் பாதியில் நானும் உண்டு. பொய் சொல்வானேன், அங்கே கால் ஈரமாகாது, எனக்கு அது பிடித்திருந்தது.

அக்கா போகவில்லை. வெள்ளை விழுந்ததை எல்லாம் கூடை கூடையாக வாரிக் கரையில் குழிவெட்டிப் புதைத்தாள். முளைக்குச்சிகளைப் பிடுங்கினாள். மெக்கானிக் அவற்றைத் தோளில் சுமந்து வீட்டுக்குப் பின்னால் அடுக்கினார். அப்புறம் அவள் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பகல் வெளிச்சத்தில் அவள் சும்மா உட்கார்ந்து நாங்கள் பார்த்ததே இல்லை. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. மெக்கானிக் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடலாமா என்று என்னிடம் வந்து கேட்டார்.

டாக்டர் வரவில்லை. மருமகள் வந்து படியில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அவள் தானாக ஆரம்பித்த முதல் பேச்சு அதுதான்.

"அத்தை, நான் உங்களுக்கு மிதக்கக் கத்துத் தரட்டுமா?"

"எனக்கா? பல்லு ஆட ஆரம்பிச்ச வயசுல நீச்சலா?"

"நீச்சல் வேணாம். மிதந்தாப் போதும். மிதக்கத் தெரிஞ்சா கயித்தைப் பிடிச்சுக்கிட்டு வேலை பாக்கலாம்."

உள்ளேயிருந்த மெக்கானிக் சும்மா இருந்திருக்கலாம். "அவ மிதந்தான்னா கப்பல் கம்பெனிக்காரன் வந்து அளவெடுத்துட்டுப் போவான்!" என்றார்.

அக்கா எழுந்தாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "வாம்மா, போலாம்" என்றாள்.

பழைய படகுத்துறைக்குப் பின்னால், கற்சுவர் வளைத்த இடத்தில் அலையில்லாத தண்ணீர் உண்டு. அங்கேதான் பாடம். காலையில் வெயில் ஏறுவதற்குள். முதல் நாள் மார்பளவுத் தண்ணீரில் நின்றதே சாதனை. மருமகளின் மணிக்கட்டில் அக்காவின் நகம் பதிந்த தடம் சாயங்காலம் வரைக்கும் போகவில்லை. பிறகு முகத்தைத் தண்ணீரில் வைத்துக் குமிழி விடப் பழகினாள். மூக்கில் ஏறி இருமினாள். வேடிக்கை பார்க்க வந்த நாங்கள், பதப்படுத்துகிற கொட்டகைக்கு நேரமாகிறது என்றுகூடப் பார்க்காமல் சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்தோம். "டிக்கெட் எடுத்துட்டீங்களாடி?" என்று அந்த இருமலுக்கு நடுவிலும் கேட்டாள்.

மல்லாந்து படுப்பதுதான் முடியவில்லை. "என் கை உங்க முதுகுக்குக் கீழதான் இருக்கு அத்தை. கழுத்தைத் தளர்த்துங்க. வானத்தைப் பாருங்க." எல்லாம் சரியாக வரும். காது தண்ணீருக்குள் போன அந்த நொடியில் அக்காவின் இரண்டு கைகளும் விறைத்துக்கொண்டு நேராக மேலே போகும். கை மேலே போனால் உடம்பு கீழே போகாமல் என்ன செய்யும்? முழுகுவாள். மருமகள் தூக்கி நிறுத்துவாள். மறுபடியும் அதே கதை. தினமும் இப்படியே.

ஒரு நாள் சுவர்மேல் யாருமில்லை. மருமகள் அவளைப் படிக்கட்டில் உட்கார வைத்தாள். அங்கே நடந்ததை அவளே பின்னால் எனக்குச் சொன்னாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கட்டுமா? எங்க அப்பா நிறைய பேருக்கு நீச்சல் சொல்லிக் குடுத்து நான் பாத்திருக்கேன். பயந்தவங்க தண்ணியை அடிப்பாங்க. இல்லைன்னா பக்கத்துல இருக்கிறவங்களைக் கட்டிப் பிடிப்பாங்க. நீங்க ரெண்டும் பண்ணல. ரெண்டு கையையும் மேல தூக்குறீங்க. எதையோ தாங்குற மாதிரி. அது என்ன?"

அக்கா நனைந்த சட்டையின் ஓரத்தைப் பிழிந்துவிட்டாள்.

"உன் புருஷன் அப்ப கைக்குழந்தை" என்றாள். "மாமாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு, அவனை இடுப்புல வெச்சுக்கிட்டு, வத்தின தண்ணியில நடந்து படகுக்குப் போனேன். படகு வர்றதுக்குன்னு நடுவுல வாய்க்கால் தோண்டியிருந்தாங்க. எனக்குத் தெரியாது. கால் வெச்சேன், கீழ ஒண்ணுமே இல்ல."

மருமகள் ஒரு படி கீழே இறங்கி, அவள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"கடைசியில தரை கிடைச்சுது. நின்னுட்டேன். என் தலைக்கு மேல தண்ணி. கையை நீட்டி அவனை மேல தூக்கிப் பிடிச்சேன். அவன் மூக்கு வெளிய இருக்கா, தண்ணிக்குள்ள இருக்கான்னு எனக்குத் தெரியல. பாக்க முடியல. அவன் காலை உதைக்கிறது மட்டும் கையில தெரிஞ்சுது. உதைக்கிற வரைக்கும் இருக்கான், உதைக்கிற வரைக்கும் இருக்கான்னு நெனச்சுக்கிட்டே நின்னேன். படகுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்தான் குதிச்சு ரெண்டு பேரையும் இழுத்துப் போட்டாரு. இவன் அழவே இல்லியாம். சிரிச்சுக்கிட்டு இருந்தானாம்."

"அவருக்குத் தெரியுமா?"

"சொன்னதில்ல. மாமாவுக்குத் தெரியும், பெயின்டர் சொல்லிட்டாரு. அவரும் அதைப் பத்தி என்கிட்ட பேசுனதில்ல. ஆனா அன்னிக்கு அப்புறம் அவரு என்னை அந்த இடுப்பளவுங்கிற பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ஊருதான் விடல."

மருமகள் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாளாம். "அவரு இன்னும் உதைக்கிறதை நிறுத்தல அத்தை. ராத்திரி தூக்கத்துல எனக்குத்தான் உதை."

அக்கா சிரித்தாள். சிரிப்பு வந்து, அதோடு அழுகையும் வந்து, மூக்கைச் சிந்தி, மறுபடியும் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும், "இத்தனை நாளா ஏண்டி சொல்லல? இடுப்புல ஒண்ணு வைக்க வேண்டியதுதானே?" என்றாள். அந்த 'டி' விழுந்த நிமிஷத்தோடு அந்த வீட்டில் மரியாதை ஒழிந்தது. அன்றைக்கு மத்தியானம் சாதத்தில் உப்பில்லை என்று மருமகளுக்கு விழுந்த திட்டு எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. மெக்கானிக் பட்டறையில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "அப்பாடா" என்றார்.

அடுத்த நாள் தண்ணீரில் அக்கா மல்லாந்தபோது மருமகள் அவள் காது முழுகுவதற்கு முன்னால் குனிந்து சொன்னாள்: "அத்தை, அவரு லாரியில இருக்காரு. இப்ப ஏதோ ஒரு கடையில டீ குடிச்சுக்கிட்டு இருப்பாரு. நீங்க கையைக் கீழ இறக்கலாம்."

கைகள் பாதி உயரம் எழுந்தன. நின்றன. மெதுவாக இரண்டு பக்கமும் இறங்கித் தண்ணீர்மேல் படுத்தன. முதுகுக்குக் கீழிருந்த கையை மருமகள் எடுத்துவிட்டாள். அக்கா மிதந்தாள். எழுந்து நின்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "உள்ள யாருடி எண்ணெயில பொரிக்கிறாங்க?" என்பதுதான். கடலுக்குள் சின்ன இறால்கள் ஓயாமல் சொடக்குப் போடுகிற சத்தம் அது. அத்தனை வருஷம் கடலில் வேலை பார்த்தும் காதை உள்ளே விட்டு நிதானமாகக் கேட்காததால் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதைக் கேட்பதற்காகவே இன்னும் நாலு தடவை படுத்தாள்.

மிதக்க வந்துவிட்டது, கட்டுவதற்குப் பாசி வேண்டுமே? கரையோரத்தில் இருந்ததெல்லாம் அழிந்துவிட்டது. மருமகள்தான் பாறைத் திட்டுக்கு வெளியே முக்குளித்துத் தேடினாள். எங்கள் கயிறுகளிலிருந்து முன்பு எப்போதோ கழன்று போன துண்டுகள் அங்கே பவளப் பாறைகளின் இடுக்கில் சிக்கிக் குளிர்ந்த தண்ணீரில் கருகருவென்று வளர்ந்திருந்தன. ஒரு வலைப்பை நிறையக் கொண்டுவந்து கொட்டினாள். அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். "பாத்தியாடி? நீ வழியனுப்பி வெச்சதெல்லாம் அங்க போய்க் குடித்தனம் பண்ணிக்கிட்டு இருந்திருக்கு" என்றாள். நான் ஒரு துண்டை எடுத்துக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மருமகளுக்கு மீன்போல் நீந்த வரும், முடிச்சு மட்டும் வராது. அவள் கட்டியதை அக்கா விரலால் தட்டினாலே அவிழும். "இது முடிச்சில்லடி, நம்பிக்கை" என்று அவிழ்த்து அவளிடமே திருப்பிப் போடுவாள். காலையில் ஒருத்தி தண்ணீரில் திணறுவாள், மத்தியானம் இன்னொருத்தி கயிற்றில் திணறுவாள். ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்ணிக்கொண்டே இருபது கயிறு கட்டி முடித்தார்கள். மிதவைக்குக் காலித் தண்ணீர்ப் புட்டிகள். நங்கூரத்துக்கு மெக்கானிக் பட்டறையில் செத்துக் கிடந்த இன்ஜின்களை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தார். "நான் எவ்வளவோ பாத்தும் ஓடாத இன்ஜின்லாம் இப்பத்தான் வேலைக்குப் போகுது" என்றார்.

வெளிக்கடலில் இறங்கிய நாளில் பெயின்டரின் மனைவியும் நானும் அந்தப் படகில் இருந்தோம். பெயின்டரின் மனைவி கூட்டுச் சேர வந்தவள். நான் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தவள். தண்ணீர் கரும்பச்சையாக இருந்தது, அடி தெரியவில்லை. அக்கா படகு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மெக்கானிக் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஏற்கெனவே இறுக்கமாக இருந்த ஒரு நட்டை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"ஆழம் எவ்வளவுடி?" என்றாள் அக்கா. உதடு வெளுத்திருந்தது.

"இடுப்பளவுதான் அத்தை" என்றாள் தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்த மருமகள். "யார் இடுப்புன்னு மட்டும் கேக்காதீங்க."

அக்கா கையை விட்டாள். மிதந்தாள். ஒரு கை மிதவையில், ஒரு கை முடிச்சில். கொஞ்ச நேரத்தில் வேலை மும்முரத்தில் தான் எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்து, "இந்தக் கயிறு ஏன் கோணலாப் போகுது? யாரு கட்டினது?" என்று திட்ட ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் மெக்கானிக் நட்டை விட்டார். துணியை எடுத்துக் கை துடைப்பதுபோல் முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

அதோடு எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொன்னால் அது பொய். ஆழத்தில் வேறு தொல்லை. பாசி தின்கிற மீன்கள் கூட்டமாக வந்து நுனிகளைக் கத்தரித்தது மாதிரி மேய்ந்துவிட்டுப் போயின. முதல் அறுவடையில் பாதி அவற்றுக்குத்தான். பழைய வலையைச் சுற்றிக் கட்டினார்கள். ஒரு காற்றில் ஆறு கயிறுகள் அறுந்து எங்கோ போயின. வெயில் கடுமையான மாதத்தில் அங்கேயும் நாலைந்து புதர்களில் வெள்ளை தெரிந்தது. அன்றைக்கு அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவளோ கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கி, அந்தப் புதர்களை முழுசாக வெட்டிக் கூடையில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தாள். மிச்சத்தை வளர்ச்சி முடிவதற்கு முன்பே அறுத்துவிட்டாள். எடை குறைந்தது, ஆனால் கைக்கு வந்தது. "கடல் சூடாகறதை நான் நிறுத்த முடியுமா? என்னால முடிஞ்சது, அது என்ன பண்ணுதுன்னு பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டே இருக்கிறது" என்றாள்.

பையன் வந்தபோது அம்மா கடல் நடுவில் மல்லாந்து கிடப்பதைக் கரையிலிருந்து பார்த்துவிட்டுச் செருப்போடு தண்ணீரில் ஓடினான். படகுக்காரர்கள்தான் பிடித்து நிறுத்தி விஷயத்தைச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் வாய்க்கால் கதையை அவனுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. மருமகளாகத்தான் இருக்கும். அவன் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். "விடுடா, பாசி வாடை" என்றாள் அக்கா. அவன் விடவில்லை. அவளும் இழுத்துக்கொள்ளவில்லை.

இப்போது வெளிக்கயிற்றில் ஏழு பெண்கள் இருக்கிறார்கள். அந்த ஏழில் ஒருத்தி நான். எனக்கு மிதக்க வந்ததைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. சுவர்மேல் உட்கார்ந்து நான் சிரித்ததற்கெல்லாம் வட்டியோடு சிரித்துவிட்டார்கள்.

போன மாதம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மருமகளுக்கு ஏழு மாதம். கடலில் இறங்கக் கூடாது என்று அக்கா உத்தரவு போட்டிருந்தாள். பரண்மேல் காய்ந்த பாசி சருகாகிக் கிடந்தது, மறுநாள் மூட்டை கட்ட வேண்டும். வாரக்கணக்கில் ஒரு பொட்டு மேகம் இல்லாத வானம் மத்தியானத்தில் திடீரென்று இருண்டது. காய்ந்த பாசியில் மழை பட்டால் அத்தனையும் வீண். தெருவே ஓடி வந்தது. மெக்கானிக் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வந்தார். ஒரு மூலையை அவர், ஒரு மூலையைப் பெயின்டர் மனைவி, ஒரு மூலையை நான், ஒரு மூலையை அக்கா பிடித்தோம். காற்று அதைப் பாய்மரம்போல் தூக்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருமகளும் ஓடி வந்தாள்.

"ஏய், நீ எங்கடி வர்றே? போய் உக்காரு!" என்று அக்கா கத்தினாள்.

அவள் நிற்கவில்லை. நேராக வந்து, படபடவென்று அடித்துக்கொண்டிருந்த தார்ப்பாயின் ஓரத்தின்மேல் ஏறி, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தார்ப்பாய் அடங்கியது.

"உக்காருன்னீங்க, உக்காந்துட்டேன்" என்றாள்.

மழை கொட்டியது. அக்கா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மருமகளின் தலைமேல் போட்டாள். "இன்னும் கொஞ்சம் நடுவுல தள்ளி உக்காரு" என்றாள்.